வாழைப்பழம் கற்றுக்கொடுக்கும் பாடம்

நீலகிரி மாவட்டம் மசினகுடியை அடுத்த மாவனல்லா, வாழைத்தோட்டம் பகுதிகளில் ஓர் ஆண் யானை பல ஆண்டுகளாகத் திரிந்துவந்தது. அங்குள்ளவர்கள் அதற்கு இட்ட பெயர் ரிவால்டோ. தும்பிக்கையின் நுனி அறுபட்டு, கண் பார்வையும் குன்றியிருந்த அதன் மேல் இரக்கப்பட்டுச் சிலர் பழங்கள் கொடுக்கத் தொடங்கினார்கள். நாளடைவில் அது வீடுகளையும் விடுதிகளையும் தேடி வரலாயிற்று. ஊருக்குள் யானை நடமாட்டம் என்ற புகார்கள் பெருகின. 2021 மே மாதம் வனத்துறையினர் அதைக் ‘கரால்’ எனப்படும் மரக்கூண்டில் அடைத்தார்கள். அதற்கு மயக்க ஊசிகூடத் தேவைப்படவில்லை. பழங்களைக் காட்டியே கூண்டுக்குள் அழைத்துச் சென்றுவிட்டார்கள். ஏறக்குறைய மூன்று மாதம் கூண்டில் இருந்தபின், ஆகஸ்ட் மாதம் ரேடியோ காலர் மாட்டி முதுமலையின் உட்காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஓரிரு நாளுக்குள் சுமார் 40 கிலோமீட்டர் நடந்து, அது தன் பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டது.

ரிவால்டோவுக்குப் பழம் கொடுத்தவர்கள் யாரும் அதற்குக் கெடுதல் நினைத்தவர்கள் இல்லை. காயம்பட்ட உயிரைக் கண்டு மனம் இளகுவது நல்ல குணம். ஆனால் அந்த இரக்கம், தன் காட்டில் தானாக மேய்ந்து திரிய வேண்டிய ஒரு விலங்கை மூன்று மாதச் சிறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வீட்டோரம் வரும் காட்டு விலங்குக்கு உணவு கொடுக்கும்போது நாம் அதன் பசியை மட்டும் ஆற்றுவதில்லை. ஒரு பாடத்தையும் கற்பிக்கிறோம். மனிதன் இருக்கும் இடத்தில் சாப்பாடு இருக்கும் என்பதே அந்தப் பாடம். கற்றுக்கொடுத்தவர் ஊர் திரும்பிவிடுவார், அல்லது கதவைச் சாத்திக்கொள்வார். விளைவைச் சுமப்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களும், பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளைகளும், கடைசியில் அந்த விலங்கும்தான்.

விலங்கு போடும் கணக்கு

வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ வரை தீவனம் வேண்டும். புல், மூங்கில், மரப்பட்டை, இலை தழை என்று தேடித் தின்பதிலேயே அதன் பொழுதில் பெரும்பகுதி கழிந்துவிடும். காட்டுத் தீவனத்தில் நார் அதிகம், சத்து குறைவு. ஒரு கரும்புக் கட்டோ வாழைத்தாரோ, பல மணி நேர மேய்ச்சலில் கிடைக்கும் சர்க்கரையைச் சில நிமிடங்களில் கொடுத்துவிடுகிறது. குறைந்த உழைப்பில் அதிகச் சத்து கிடைக்கும் இடத்தை நாடும்படியே பரிணாமம் எல்லா விலங்குகளையும் உருவாக்கியிருக்கிறது. அதனால் ஒருமுறை கிடைத்த இடத்தை யானை மறப்பதில்லை.

சத்தியமங்கலத்திலிருந்து மைசூரு செல்லும் நெடுஞ்சாலையில், ஆசனூர், காரப்பள்ளம் பகுதியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கரும்பு ஏற்றிவரும் லாரிகளுக்காக யானைகள் சாலையோரம் காத்து நிற்கின்றன. பாரம் மிகுந்த லாரிகளிலிருந்து உதிர்ந்த கரும்பும், ஓட்டுநர்கள் சிலர் பிரியமாக இழுத்துப் போட்ட கரும்பும் சேர்ந்து உண்டாக்கிய பழக்கம் இது. தாய் யானையோடு வரும் குட்டியும் அருகில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்கிறது. யானைகளுக்குக் கரும்பு போடும் ஓட்டுநர்களுக்கு வனத்துறை அபராதம் விதிக்கிறது. ஆனால் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட பழக்கத்தை அபராதம் போட்டு அழிக்க முடியாது.

இந்தக் கற்றல் எப்படி நடக்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எலிகளையும் புறாக்களையும் கொண்டு விரிவாக ஆராய்ந்தார். ஒரு செயலுக்குப் பிறகு உணவு கிடைத்தால் விலங்கு அந்தச் செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும். இது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். எதிர்பாராத உண்மை வேறொன்று. ஒவ்வொரு முறையும் உணவு கொடுத்துப் பழக்கிய விலங்கைவிட, எப்போதாவது ஒருமுறை கொடுத்துப் பழக்கிய விலங்கின் பழக்கத்தை ஒழிப்பதுதான் கடினம். பத்து முறை ஏமாந்தாலும் பதினோராவது முறை கிடைக்கக்கூடும் என்பதை அது கற்றிருக்கிறது. இன்னொன்றையும் ஆய்வுகள் காட்டின. வழக்கமாகக் கிடைத்த உணவு சட்டென்று நின்றால், விலங்கு உடனே விலகிப் போய்விடாது. முதலில் முன்பைவிடத் தீவிரமாக முயலும்.

ஒரு தெருவில் ஒன்பது வீட்டார் கட்டுப்பாடாக இருந்து, ஒரே ஒரு வீட்டில் மட்டும் அவ்வப்போது குரங்குக்குப் பழம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். அந்த ஒரு வீட்டின் பழம், பத்து வீட்டுக் கதவுகளையும் தட்டிப் பார்க்கும்படி குரங்கைத் தூண்டிக்கொண்டே இருக்கும்.

நீட்டும் கையும் பிடுங்கும் கையும்

தலையில் குல்லாய் வைத்ததுபோல் மயிர் படிந்திருக்கும் நாட்டுக் குரங்கு, இந்தியத் தீபகற்பத்துக்கு வெளியே உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம். கோயில், குளக்கரை, சாலையோர ஆலமரம், புளியமரம் என்று மனிதர் அருகிலேயே நெடுங்காலமாக வாழ்ந்து வந்திருக்கிறது. மனிதரைக் கூர்ந்து கவனிப்பதில் அதற்கு நிகரான காட்டு விலங்குகள் குறைவு. பந்திப்பூர் தேசியப் பூங்காவில் நாட்டுக் குரங்குகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு இதை நுட்பமாகப் பதிவு செய்திருக்கிறது. கையில் தின்பண்டம் வைத்திருக்கும் சுற்றுலாப் பயணியைக் கண்டால், சில குரங்குகள் மெல்லக் கூவி அவர் கவனத்தை ஈர்க்கின்றன. பிறகு உள்ளங்கை தெரியக் கையை நீட்டுகின்றன. பண்டத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கின்றன. அவர் கொடுக்காவிட்டால் மறுபடியும் கூவுகின்றன. மனிதனிடம் கேட்டு வாங்குவதற்கென்றே காட்டு விலங்கு ஒன்று சைகைகளைப் பயன்படுத்துகிறது.

பார்க்க மனதைத் தொடும் காட்சிதான். ஆனால் கேட்பது பலிக்காதபோது அதே குரங்கு பிடுங்குகிறது. கொடைக்கானல், ஏற்காடு, கொல்லிமலைப் பாதைகளில் பையைப் பறிகொடுத்தவர்கள் இதை அறிவார்கள். பயம் போய்விட்ட விலங்குக்கும் பழகிய விலங்குக்கும் பெரிய வேறுபாடு உண்டு. நாய் பல்லாயிரம் ஆண்டுகள் மனிதனோடு வாழ்ந்து, அவன் முகக்குறிப்புக்கு ஏற்பத் தன் நடத்தையை மாற்றிக்கொண்ட விலங்கு. குரங்குக்கோ கரடிக்கோ அப்படி ஒரு வரலாறு இல்லை. அன்பாகப் பல்லைக் காட்டிச் சிரிப்பதும், கண்ணோடு கண் நோக்குவதும் குரங்கின் மொழியில் மிரட்டலாகிவிடக்கூடும். பிஸ்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தையின் முகம் குரங்குக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. கடிபடுவோரில் குழந்தைகள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் உள்ள கே’காரி தீவில் டிங்கோ என்னும் காட்டுநாய்கள் வாழ்கின்றன. சுற்றுலாப் பயணிகளிடம் உணவு பெற்றுப் பயம் தெளிந்திருந்த அந்த நாய்கள், 2001இல் 9 வயதுச் சிறுவன் ஒருவனைக் கடித்துக் கொன்றன. அதன்பின் அரசு 31 டிங்கோக்களைக் கொன்றது. உணவு கொடுத்தவர்களில் ஒருவர்கூட அந்தக் கணக்கில் இல்லை.

உடம்புக்குள் நடப்பது

உணவு கொடுப்பது விலங்கின் உடலுக்கு நல்லது என்ற எண்ணமும் பெரும்பாலும் தவறானது. புள்ளிமான், கடமான் போன்ற அசைபோடும் விலங்குகளுக்கு நான்கு அறை வயிறு. முதல் அறையான பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் இலை தழையின் நாரைச் சிறிது சிறிதாகச் சிதைத்துக் கொடுக்கின்றன. அதற்குள் திடீரென்று ரொட்டியோ சோறோ தானியமோ நிறையப் போனால், மாவுச்சத்தில் வேகமாகப் பெருகும் வேறு வகை பாக்டீரியாக்களின் கை ஓங்கிவிடும். அவை லாக்டிக் அமிலத்தைச் சுரந்து தள்ளும். வயிறு புளித்து, நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் மடியும். அமிலம் இரத்தத்தில் கலந்தால் மான் ஓரிரு நாளில் இறந்தும் போகலாம். வயிறு நிறையத் தின்ற பிறகே அது சாகிறது.

இதோடு உப்பும் பிளாஸ்டிக்கும் சேர்ந்துகொள்கின்றன. காட்டுத் தாவரங்களில் சோடியம் மிகக் குறைவு. அதனால்தான் விலங்குகள் உப்புப் படிந்த மண்ணைத் தேடிப்போய் நக்குகின்றன. முறுக்கு, சிப்ஸ் இருந்த உறையின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் உப்பும் எண்ணெயும் அவற்றுக்குப் பெரும் ஈர்ப்பு. உறையிலிருந்து பண்டத்தைப் பிரித்தெடுக்க மானுக்கு விரல் கிடையாது, உறையோடு விழுங்கிவிடுகிறது. பெருவயிற்றில் தங்கிய பிளாஸ்டிக் செரிக்கவும் செரிக்காது, வெளியேறவும் வெளியேறாது. நாளுக்கு நாள் முறுக்கிக்கொண்டு கட்டியாகிவிடும். சென்னை ஐஐடி வளாகத்தில் இறந்த புள்ளிமான்களின் வயிற்றிலிருந்து இப்படிப்பட்ட கட்டிகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. உத்தராகண்டில் காட்டோரங்களில் சேகரித்த யானைச் சாணத்தை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மாதிரிகளில் மனிதர் வீசிய கழிவு இருந்தது. அதில் பெரும்பகுதி பிளாஸ்டிக்.

குரங்குகளின் கதை வேறு மாதிரி. மனித உணவு அவற்றைச் சட்டென்று கொல்வதில்லை; பெருக்குகிறது. சத்து மிகுந்த உணவு எளிதாகக் கிடைத்தால் பெண் குரங்குகள் சீக்கிரம் பருவமடைகின்றன. குட்டிகள் அதிகம் பிழைக்கின்றன. கூட்டம், காடு தாங்கக்கூடிய அளவைத் தாண்டி வளர்கிறது. பிறகு உணவு நின்றால் என்ன நடக்கும் என்பதைத் தாய்லாந்தின் லோப்புரி நகரம் காட்டியது. சுற்றுலாப் பயணிகள் கொடுத்த உணவை நம்பி அங்கே ஆயிரக்கணக்கில் பெருகியிருந்தன குரங்குகள். 2020இல் கொரோனாவால் பயணிகள் வரத்து நின்றதும், அவை கூட்டம் கூட்டமாக நடுத்தெருவில் மோதிக்கொண்டன. கடைகளும் வீடுகளும் கம்பி வலைக்குள் முடங்கின. 2024இல் அதிகாரிகள் அவற்றைப் பிடித்துக் கூண்டில் அடைக்க வேண்டியதாயிற்று.

நெருக்கமும் நோயும்

காட்டில் உணவு பரவிக் கிடக்கும். விலங்குகளும் பரவி மேயும். நாம் வைக்கும் உணவு ஒரே இடத்தில் குவிந்திருப்பதால், பரவி இருக்க வேண்டியவை நெருங்கி நின்று ஒரே தட்டில் வாய்வைக்கின்றன. நோய்க்கு இதைவிட வசதி வேறில்லை. பிரிட்டனில் தோட்டத்துப் பறவைகளுக்குத் தானியம் வைப்பது பரவலான வழக்கம். 2005இல் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி நோய் அங்குள்ள கிரீன்ஃபிஞ்ச் குருவிகளிடையே பரவியது. சுமார் 43 இலட்சமாக இருந்த அவற்றின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் 28 இலட்சமாகக் குறைந்தது. எச்சில் பட்ட தானியமும் தண்ணீரும் நோய் பரவ முக்கிய வழிகளாக இருந்தன.

விலங்கிடமிருந்து மனிதருக்கு வரும் நோய்களில் நாம் முதலில் அஞ்ச வேண்டியது ரேபிஸ். நாய்க்கடியை அஞ்சும் அளவுக்குக் குரங்குக் கடியை நம்மவர்கள் பொருட்படுத்துவதில்லை. குரங்கு கடித்தால், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது. மஞ்சள் வைத்துக் கட்டுவது உயிருக்கு ஆபத்து. நோய் எதிர்த்திசையிலும் போகிறது. நம்மிடமுள்ள காசநோய் குரங்குக்கும் யானைக்கும் தொற்றக்கூடியது. பாதி கடித்த பழத்தைக் கொடுப்பவர் பழத்தோடு நோயையும் கொடுத்துவிடலாம்.

எச்சில் சோற்றின் பின்னால் வரும் சிறுத்தை

உணவு கொடுப்பதென்றால் கையில் வைத்து நீட்டுவது மட்டும் இல்லை. கொல்லைப்புறத்தில் கொட்டும் எச்சில் சோறு, மூடாத குப்பைத்தொட்டி, விடுதிச் சமையலறையின் கழிவு எல்லாமே விலங்குக்கு வைத்த விருந்துதான். நீலகிரியில் கரடிகள் இரவில் ஊருக்குள் வந்து குப்பையைக் கிளறுவதும், கோயில் கதவை உடைத்து விளக்குக்கு வைத்திருக்கும் எண்ணெயைக் குடிப்பதும் அடிக்கடி வரும் செய்தி.

குப்பைக்கு முதலில் வருபவை தெருநாய்களும் காட்டுப்பன்றிகளும். அவற்றைத் தேடி அடுத்து வருவது சிறுத்தை. மகாராஷ்டிரத்தில் அப்போது அகமத்நகர் எனப்பட்ட மாவட்டத்தில், கரும்பு வயல்களுக்கு நடுவே வாழும் சிறுத்தைகளின் எச்சத்தைக் காட்டுயிர் ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவும் குழுவினரும் ஆராய்ந்தார்கள். அவை தின்ற இறைச்சியின் எடையில் 39 விழுக்காடு நாய்களிடமிருந்து வந்திருந்தது. சிறுத்தை ஊருக்குள் வந்துவிட்டது என்று பதறுகிறோம். அதற்கான இரையை நம் குப்பைதான் வளர்த்து வைத்திருக்கிறது.

பிடித்துக் கொண்டுபோய் விட்டால்?

பிரச்சினை முற்றியதும் எல்லா ஊரிலும் எழும் கோரிக்கை, பிடித்துக் கொண்டுபோய்க் காட்டில் விடுங்கள் என்பதுதான். ரிவால்டோ திரும்பி வந்ததைப் பார்த்தோம். இடுக்கியில் ரேஷன் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்ற அரிக்கொம்பன் யானையை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். ஒரே மாதத்தில் அது தேனி மாவட்டம் கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. மீண்டும் பிடித்துக் களக்காடு முண்டந்துறையில் விட நேர்ந்தது. மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் 2001 முதல் சிறுத்தைகளைப் பெருமளவில் பிடித்து இடம் மாற்றினார்கள். அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரியாக 4 ஆக இருந்த மனிதர் மீதான தாக்குதல் 17 ஆக உயர்ந்தது. தெரியாத இடத்தில் விடப்பட்ட விலங்கு பதற்றத்தோடு அலைகிறது. பழைய இடம் தேடி ஊர்களைக் கடக்கிறது. கற்ற பழக்கமும் அதோடு கூடவே போகிறது.

உணவு கொடுப்பதால் காட்டுக்கும் நட்டம் உண்டு. பழம் தின்னும் குரங்குகள் கன்னப்பையில் விதைகளைச் சுமந்து சென்று தொலைவில் உமிழ்பவை. எச்சத்தின் வழியாகவும் விதைகளைப் பரப்புபவை. மேற்கு வங்கத்தின் பக்சா புலிகள் காப்பகத்தில் செம்முகக் குரங்குகளை ஆராய்ந்தவர்கள், மனிதர் உணவு கொடுத்த குரங்குகள் பழங்களைக் குறைவாகத் தின்றதையும், பல விதைகள் முளைக்க வழியில்லாத தார்ச்சாலையில் விழுந்ததையும் கண்டார்கள்.

யெல்லோஸ்டோன் திரும்பிய பாதை

இந்தப் பழக்கத்திலிருந்து மீள முடியுமா? முடியும் என்பதற்கு அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா சான்று. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கே விடுதிக் கழிவைக் கொட்டும் இடங்களில் கரடிகள் தின்பதைப் பார்க்க, படிவரிசை இருக்கைகளே போட்டிருந்தார்கள். சாலையில் காரை நிறுத்தி, கரடி வாயில் உணவு ஊட்டினார்கள். 1931 முதல் 1969 வரை ஆண்டுக்குச் சராசரியாக 48 பேர் கரடிகளால் காயமடைந்தார்கள். 1970 வாக்கில் பூங்கா நிர்வாகம் குப்பைக் கிடங்குகளை மூடியது. கரடியால் திறக்க முடியாத தொட்டிகளை வைத்தது. உணவு கொடுப்பதற்கான தடையைக் கண்டிப்பாக அமல்படுத்தியது. இன்று பல இலட்சம் பேர் வந்துபோகும் அந்தப் பூங்காவில் கரடியால் காயமடைபவர்கள் சராசரியாக ஆண்டுக்கு ஒருவர்தான்.

ஆனால் கிடங்குகளைச் சட்டென்று மூடியதால், ஏமாந்த கரடிகள் முகாம்களுக்குள் நுழைந்தன; அவற்றில் பல கொல்லப்பட்டன. படிப்படியாக மூடச் சொன்ன கரடி ஆய்வாளர்கள் கிரெய்க்ஹெட் சகோதரர்களின் எச்சரிக்கை அப்போது எடுபடவில்லை. பழக்கிவிட்டுத் திருத்துவதைவிடப் பழக்காமல் இருப்பது எவ்வளவு மேல் என்பதற்கு அந்தக் கரடிகளின் சாவே சாட்சி.

நம் வால்பாறையில் இந்த வேலை இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது. புதுத்தோட்டம் என்ற சுமார் 90 ஹெக்டேர் சோலைத் துண்டில் சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வெளியே இல்லாத, அழியும் நிலையில் உள்ள இனம். மர உச்சியை விட்டுப் பெரும்பாலும் இறங்காத இயல்புடையது. அது இன்று சாலையில் இறங்கி, வீடுகளில் உணவு தேடுகிறது. வண்டிகளில் அடிபட்டும் இறக்கிறது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பினர் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். உள்ளூர்க் காவலர்கள் சாலையோரம் நின்று வண்டிகளின் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். பயணிகளிடம் தின்பண்டம் கொடுக்க வேண்டாம் என்று எடுத்துச் சொல்கிறார்கள். ஒரு பயணி ஜன்னல் வழியே வீசும் பிஸ்கட், அவர்களின் ஒரு நாள் உழைப்பை வீணாக்கப் போதுமானது.

நாம் செய்ய வேண்டியது

அனுமனுக்குப் படைப்பதாக எண்ணிக் குரங்குக்குப் பழம் கொடுப்பவர்கள் நம்மில் பலர். வாயில்லா ஜீவனுக்கு இரங்க வேண்டும் என்பது நம் மரபு சொல்லிக்கொடுத்தது. அந்த இரக்கத்தைக் கைவிடச் சொல்லவில்லை. விலங்குக்குப் பயன்படும் வழியில் திருப்பச் சொல்கிறேன். சாலை விரிவாக்கத்தில் வெட்டுப்பட்ட ஆல், அத்தி, நாவல் மரங்களுக்கு ஈடாகக் காட்டோரத்திலும் கோயில் நிலத்திலும் மரம் நடலாம். மனிதன் கையைப் பார்க்காமல், பருவத்துக்குப் பருவம் குரங்குக்கும் பறவைக்கும் சோறு போடுபவை அந்த மரங்கள்.

காட்டை ஒட்டி வாழ்பவர்கள் குப்பையை இரவில் வெளியே வைக்காதீர்கள். மூடியுள்ள தொட்டியில் போட்டு, எடுக்கும் நேரத்தில் கொடுங்கள். சமையலறை ஜன்னலுக்குக் கம்பி வலை போடுங்கள். தெரு முழுக்கச் சேர்ந்து ஒரே முடிவெடுங்கள். ஒரு வீடு விலகினாலும் பலன் கிடைக்காது. முதல் சில வாரங்கள் குரங்குகள் அதிகமாகத் தொந்தரவு செய்தால் மனம் தளராதீர்கள். அது பழக்கம் அறுபடத் தொடங்கியதன் அறிகுறி. காயம்பட்ட விலங்கைக் கண்டால் பழம் தேடி ஓடாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். மலைக்குச் சுற்றுலா செல்பவர்கள் வண்டி ஜன்னலை ஏற்றி வையுங்கள். வெறும் உறையாக இருந்தாலும் கீழே போடாமல் ஊருக்கே திருப்பி எடுத்துவாருங்கள். குரங்கு கை நீட்டினால், அதன் நலம் கருதியே உங்கள் கையை மடக்கிக்கொள்ளுங்கள். நம் தயவு தேவைப்படாமல் வாழும்போதுதான் காட்டு விலங்கு பத்திரமாக இருக்கிறது; அதன் அருகில் வாழும் நம் பிள்ளைகளும் பத்திரமாக இருக்கிறார்கள்.